லட்சணம் பார்க்கிற சார்

கெட்டுப்போன கம்ப்யூட்டர் இருபதை ஒரே மத்தியானத்தில் சரி பண்ணினவரை என் ஆயுசில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே, படூர் தாண்டி ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் ஆறு வருஷம் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். இரண்டாவது மாடி முழுக்க என் பொறுப்பு. கம்ப்யூட்டர் லேப் இரண்டு, வாத்தியார்கள் உட்காருகிற அறை, நீளமாக ஒரு வராண்டா. அந்த மாடிக்கு அவர் தலைவர். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். நானும் இங்கே அதற்கு மேல் எழுதப்போவதில்லை.

காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றார்கள். லேபில் வரிசையாக கம்ப்யூட்டர், அதில் இருபதுக்கு உயிர் இல்லை. சார் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கலர் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பினார். ஓடுகிற கம்ப்யூட்டரில் திரை எப்படி இருக்குமோ, நீல வானமும் ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்களும் நடுவில் ஒரு அம்புக்குறியும், அதை அப்படியே பெரிசாக அச்சடித்து வாங்கிவந்தார்கள். செத்துப்போன திரை ஒவ்வொன்றிலும் சார் தன் கையாலேயே ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினார். கடைசி ஒன்றை ஒட்டி முடித்ததும் பின்பக்கமாகவே வாசல்வரைக்கும் நடந்துபோய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார்.

மறுநாள் வந்த அதிகாரிகளில் ஒருத்தர், நல்ல வயசானவர், சொல்லிவைத்தமாதிரி அதில் ஒன்றின் முன்னால் போய் உட்கார்ந்தார். மவுஸை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். அம்புக்குறி அசையவில்லை. வராண்டாவில் துடைப்பத்தோடு நின்ற நான் கதவோரமாக எட்டிப் பார்த்தேன். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சார், அது டிஸ்ப்ளே பீஸ். பசங்க நோண்டக்கூடாதுன்னு லாக் பண்ணி வச்சிருக்கோம்."

அந்த மனுஷரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டார். அந்தக் காகிதங்கள் அதற்கப்புறம் ஒரு வருஷம் இருந்தன. ஈரத்துணி வைத்துத் துடைக்கக்கூடாது என்று எனக்குத் தனி உத்தரவு.

லட்சணம் என்கிற வார்த்தைக்கு இரண்டு முகம் உண்டு. பொண்ணு லட்சணமா இருக்கு என்றால் ஒன்று. பெருக்கின லட்சணத்தைப் பாரு என்றால் வேறு. சாருக்கு முதல் முகம் மட்டும்தான் தெரியும். மாடியில் இருந்த மற்ற எல்லாரும் அவரைப் பற்றிப் பேசும்போது இரண்டாவதைத்தான் எடுத்தார்கள்.

யாராவது பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கும். எங்கள் பக்கம் கடல் காற்று. சுவர் எந்நேரமும் உப்புப் பூத்துப் பெயர்ந்துகொண்டே இருக்கும். பெயர்ந்த இடத்துக்கு முன்னால் ஒரு தொட்டி. டைல்ஸ் உடைந்த இடத்தில் ஒரு தொட்டி. கதவு தொங்குகிற பாத்ரூமுக்கு இரண்டு. வந்தவர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் தொட்டிகளும் வண்டி ஏறிவிடும். புதிசாக வேலைக்குச் சேர்ந்த எலக்ட்ரீஷியனுக்கு எங்கே என்ன ரிப்பேர் என்று யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. தொட்டியைப் பார்த்துப் போனான்.

மனுஷர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கண் நம் முகத்தில் ஊர்ந்து போகும். வெள்ளையடிக்கவேண்டிய சுவரைப் பார்க்கிற மேஸ்திரி பார்வை. "கொஞ்சம் டச்-அப் பண்ணா எங்கயோ போயிடும்" என்பார். அது மாணவர்கள் செய்த வேலையைச் சொல்கிறாரா, எதிரே நிற்கிறவனைச் சொல்கிறாரா என்று சட்டென்று பிடிபடாது.

ஊர் வாய்க்கு அவர் தப்பவில்லை. முகத்துக்குப் போடுகிற பவுடர் சட்டைக் காலரோடு நின்றுவிடும் என்று பையன்கள் சிரிப்பார்கள். உண்மைதான். கழுத்துக்குக் கீழே வேறு ஆள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். துண்டால் துடைத்துவிட்டுத் திரும்பினார். என்னுடைய நிறம்தான். எடுப்பான மூக்கு, அடர்ந்த புருவம். பவுடர் இல்லாமல் ஆள் நன்றாகவே இருந்தார். யாராவது அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். நான் எங்கே போய்ச் சொல்ல. வாளி நிரம்பியதும் வந்துவிட்டேன்.

புது ஐ.டி. கார்டு போட்டபோது எங்கள் மாடி ஆட்களின் போட்டோக்களை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஆபீஸ்ல அப்படியே பிரிண்ட் போட்ருவாங்க ஆயாம்மா. நான் ஒரு டச்-அப் பண்ணித் தரேன்."

கார்டு வந்தது. அதில் கோதுமை நிறத்தில் ஒரு அம்மா இருந்தாள். கன்னத்தில் ஒரு மடிப்பு இல்லை. மூக்கோரத்து மச்சம் இல்லை. புடவை மட்டும் என்னுடையது. கேட்டில் வாட்ச்மேன் வாங்கிப் பார்த்தான். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"யாருக்கா இது, உன் மருமவளா?"

"நாந்தான் தம்பி."

"இன்னாக்கா, காலங்காத்தால பேஜாரு பண்ற. மருமவ கார்ட எடுத்தாந்துட்டு."

சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அந்த மாசமே கேட்டில் முகத்தைக் காட்டி வருகை போடுகிற மெஷின் வைத்தார்கள். அதற்குள்ளேயும் அதே போட்டோவைத்தான் ஏற்றியிருந்தார்கள். நான் முன்னால் போய் நின்றால் சிவப்பு விளக்கு எரியும், ஆள் பொருந்தவில்லை என்று ஒரு பெண்பிள்ளை குரல் சொல்லும். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாளும் வராதவளாக இருந்தேன். தயங்கித் தயங்கி சாரிடம் போய்ச் சொன்னேன். பழைய போட்டோவை ஏற்றச் சொல்லலாமே என்று.

"இந்த போட்டோ நல்லா வந்திருக்கேம்மா. எதுக்கு மாத்தணும்? நாளைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வந்து பாருங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டுக்கொண்டு போனேன். மெஷின் மசியவில்லை. கடைசியில் வாட்ச்மேனிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, முகம் பொருந்தாதவர்கள் இதில் கையெழுத்துப் போடவும் என்றார்கள். எங்கள் மாடியில் எல்லாரும் அதில்தான் போட்டோம். சார் மட்டும் மெஷினில் போடுவார். அவருக்குப் பச்சை விளக்கு எரியும். அவர்தான் போட்டோவுக்குத் தகுந்தமாதிரி தினமும் தயாராகி வருகிறாரே.

இப்போது அவதாரத்துக்கு வருகிறேன்.

நோட்டீஸ் போர்டில் 'மாணவர் அவதாரக் கண்காட்சி' என்று ஒட்டியிருந்தார்கள். நான் அஞ்சாங்கிளாஸ்தான் என்றாலும் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். வாட்ச்மேனும் வந்து பார்த்தான்.

"பெருமாள் விசேஷம் போலகீதுக்கா. சுண்டல் உண்டான்னு கேட்டு வை."

எஸ்தர்தான் எனக்கு விளக்கினாள். கடைசி வருஷம் படிக்கிற பெண். செய்யூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், எல்லாருக்கும் முன்னால் லேபில் இருப்பாள். முகத்தில் டப்பா மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டால் எதிரே மாபலிபுரம் கடற்கரை தெரியுமாம். அதில் நம் பக்கத்து மனுஷர்களே நிற்பார்களாம், கிட்டப் போனால் பேசுவார்களாம். ஆள் இல்லை, ஆளின் உருவம். அதற்குப் பேர் அவதார். ஆறு பேர் ஆளுக்கொரு உருவம் செய்யவேண்டும். ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள்.

"யாரையாவது எடுக்கட்டும். நீ ஏன் இப்டி ஒடம்ப கெடுத்துக்குற" என்றேன். அவள் நாஸ்தா டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்திருந்தாள்.

"இதான் கடைசி கம்பெனி ஆயாம்மா. மூணு கம்பெனில பரீட்சை பாஸ் பண்ணேன். நேர்ல ஆளப் பாக்குற ரவுண்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. இதுல ஆளப் பாக்க மாட்டாங்க, செஞ்சதத்தான் பாப்பாங்க."

அவள் நல்ல கறுப்பு.

மற்றவர்கள் கோவளத்தில் மீன் விற்கிற அம்மா, கேளம்பாக்கத்து ஆட்டோக்காரர், கேன்டீன் டீ மாஸ்டர், பூக்காரம்மா, வாட்ச்மேன் என்று பிடித்துவிட்டார்கள். எஸ்தர் என்னைக் கேட்டாள். நான் முடியாது என்றேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா ஒக்காந்தா போதும்" என்றாள். சும்மா உட்காருவது எனக்கு நன்றாக வரும்.

ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, போனை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காது, கழுத்து மடிப்பு, மச்சம், நெற்றியில் விழுந்த கோடு எல்லாவற்றையும் படம் பிடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அப்புறம் ஏதாவது பேசச் சொன்னாள், குரலும் வேண்டுமாம். எனக்கு வாயே வரவில்லை. ஊரைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க என்றாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் ஷூவோடு வராண்டாவில் நான் துடைத்த இடத்துக்கு வந்தான்.

"ஈரம் கீது, பாத்துப் போ" என்றேன்.

"போதும் ஆயாம்மா" என்று எஸ்தர் போனை அணைத்தாள்.

உருவங்கள் தயாராகிற சமயம் வாட்ச்மேன் ஆசையாக வந்து அந்த டப்பாவை மாட்டிப் பார்த்தான். மாட்டின வேகத்தில் கழற்றினான்.

"காலே இல்லக்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. பேயாட்டம் தொங்கிகினுகீறேன். எம் பொண்டாட்டி பாத்தா தாலிய கழட்டி வச்சிடுவா."

கால் செய்வதற்கு நாள் பத்தாது, பெரிய கம்பெனிகள் செய்கிற உருவத்துக்கே சிலதுக்குக் கால் கிடையாது என்று பிள்ளைகள் சமாதானம் சொன்னார்கள். சார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"கால் இல்லன்னா என்ன. முன்னாடி ஒரு தொட்டி வைங்க."

வைத்தார்கள். மாபலிபுரத்துக் கடற்கரை மணலில், அலை அடிக்கிற இடத்தில், ஆறு குரோட்டன்ஸ் தொட்டி. வாடகை வண்டி அங்கேயும் போய்விட்டது.

கண்காட்சியை எப்படி நடத்துவது என்பதும் சார் மூளைதான். உருவத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆறு பேரையும் மேடையில் உட்காரவைப்பது. விருந்தாளி டப்பாவை மாட்டி உருவத்தைப் பார்ப்பார். கழற்றிவிட்டு, அது இவர்தான் என்று கை காட்டுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். ஆளைக் கண்டுபிடி என்று அதற்குப் பேரும் வைத்தார். நல்ல யோசனை. நான் மோசம் சொல்லமாட்டேன். அந்த யோசனையை அவர் அத்தோடு விட்டிருக்கலாம்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து டச்-அப் பண்ணினார். திரையில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. புள்ளியை வலது பக்கம் தள்ளத் தள்ள முகம் வெளுத்துக்கொண்டே போகும். பிள்ளைகள் பாதியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள். சார் கோடு முடிகிறவரைக்கும் தள்ளினார். மீன்காரம்மாவுக்குப் பட்டுப்புடவை. ஆட்டோக்காரருக்குக் கோட்டு. குரலும் சரியில்லை என்று, பெண்களுக்கெல்லாம் இங்கிலீஷ் மிஸ்ஸும் ஆண்களுக்கெல்லாம் தமிழ் ஐயாவும் பேசிக் கொடுத்தார்கள். ஆட்டோக்காரர் கிட்டப் போனால், "தங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்றார்.

எஸ்தர் கம்ப்யூட்டருக்கு வந்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

"சார், ஆள் அடையாளமே தெரியாது சார்."

"அடையாளத்தை வச்சிகிட்டு என்னம்மா பண்ணுவ? கம்பெனிக்காரங்க முன்னாடி லட்சணமா நிக்கணும்."

"கண்டுபிடிக்கணுமே சார்."

"எஸ்தர், என் டச்-அப் இல்லாத வேலைக்கு நான் இன்டர்னல் மார்க் போடமாட்டேன். உக்காரு."

உட்கார்ந்தாள். சார் புள்ளியைத் தள்ளி முடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அவர் கையாலேயே டப்பாவை என் முகத்தில் மாட்டிவிட்டார். கடல் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் மாம்பழப் பட்டில் ஒரு அம்மா நின்றாள். கன்னம் வழவழவென்று, பல் வரிசையாக, கஷ்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவள்மாதிரி. உள்ளதைச் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. கழற்ற மனசு வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா கீது சார்."

"பாத்தியா எஸ்தர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார்.

எல்லாரும் கிளம்பியபிறகு நான் லேபைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆயாம்மா, இப்டி சொல்லிட்டீங்க."

"நல்லாத்தான பாப்பா கீது."

"நல்லாதான் கீது. அதுல நீங்க எங்க?"

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். அவள் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினாள். தான் முதலில் செய்தது அப்படியே அதில் இருக்கிறது என்றாள்.

"நாளைக்கு இதத்தான் போடப்போறேன். மார்க்கு போனா போவட்டும். கம்பெனிக்காரங்க பாத்துட்டு வேணான்னா வேணாம். என்னுதப் பாத்துட்டு வேணான்னு சொல்லட்டும்."

மறுநாள் மேடைக்குப் பின்னால் எங்கள் ஆறு பேரையும் நிறுத்தி, சார் பவுடர் டப்பாவோடு வரிசையாக வந்தார். வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினான். மீன்காரம்மா கையால் தடுத்தாள்.

"எனக்கு வேணாம் நைனா. வேர்த்தா கோடு கோடா வழியும், மீன் கொழம்பு கொதிக்கிறாப்ல."

மேடையில் உட்கார்ந்தோம். யாராவது டப்பாவை மாட்டினால் அவர் பார்ப்பதும் கேட்பதும் பின்னால் பெரிய திரையில் சபைக்கும் வருகிறமாதிரி செய்திருந்தார்கள். முதலில் காலேஜ் தாளாளர் மாட்டினார். தட்டுத் தடுமாறி ஒவ்வொரு தொட்டியாகப் போனார். ஆறாவது தொட்டிக்குப் போவதற்குள் தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். மீன்காரம்மாவைப் பூக்காரம்மா என்றார். டீ மாஸ்டரை ஆட்டோக்காரர் என்றார். வாட்ச்மேன் உருவத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அது நம்ம பிரின்சிபால்தானே?"

சபை சிரித்தது. பிரின்சிபால் முன்வரிசையில் சிரிக்காமல் இருந்தார். "சார் தமாஷ் பண்றாங்க" என்று நம் சார் மைக்கில் சொன்னார்.

அடுத்தது கம்பெனி மேடம். முப்பத்தைந்து வயசு இருக்கும், காட்டன் குர்தா, ஜீன்ஸ். ஐந்து தொட்டிவரைக்கும் போய் நின்று ஐந்து நல்வரவையும் கேட்டார்.

"எல்லாரும் ஒரே குடும்பமா?" என்றார் டப்பாவுக்குள்ளிருந்து.

"எங்க காலேஜே ஒரு குடும்பம்தான் மேடம்" என்றார் சார்.

ஆறாவது தொட்டி. திரையில் நான் வந்தேன். கறுப்பாக, கழுத்து மடிப்போடு, மச்சத்தோடு, தினமும் கட்டுகிற சீட்டிப் புடவையோடு. தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் ஒரு எட்டு கிட்டே வைத்தார்.

"ஈரம் கீது, பாத்துப் போ."

மேடம் சட்டென்று நின்றார். குனிந்து ஜீன்ஸை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உயர்த்தி எட்டிவைத்தார். அது வழுக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த காலையும் எட்டிவைத்தார். காய்ந்த கார்ப்பெட் மேலே. சபை முழுக்கச் சிரிப்பு. டப்பாவைக் கழற்றித் தரையைப் பார்த்தவர், தானும் சிரித்துவிட்டார். மற்றவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான?"

தலையை ஆட்டினேன்.

சார் மைக்கோடு வந்துவிட்டார்.

"மேடம், ஒரு சின்ன மிஸ்டேக். பழைய ஃபைல் ஓடிடுச்சு. ஸ்டூடண்ட் பண்ண தப்பு, நான் ஆக்‌ஷன் எடுத்துக்கறேன். நிஜமான அவதார் வேற, ரொம்ப நல்லா இருக்கும். ஆயாம்மாவே நேத்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. சொல்லுங்கம்மா."

மைக் என் வாய்க்கு வந்துவிட்டது. சுவரோரம் எஸ்தர் தன் பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொல்லி நிறுத்தினால் அவள் வெறுங்கையோடு செய்யூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியதுதான்.

"சொன்னேன் சார். அந்தப் பொம்பள நல்லாத்தான் கீறாங்க. ஆனா அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் அதைச் சபை முழுக்கக் கொண்டுபோய்விட்டது. இந்தத் தடவை கம்பெனி மேடம்தான் முதலில் சிரித்தார்.

சாரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆணி அடித்து மாட்டினமாதிரி. இரண்டு விநாடி. அப்புறம் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலமாகக் கை தட்டினார்.

"பாத்தீங்களா மேடம், இதான் கான்செப்ட். அஞ்சு டச்-அப்போட, ஒண்ணு டச்-அப் இல்லாம. வித்தியாசம் தெரியணும்ல."

தப்புக்கே டச்-அப் போட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். தாளாளர் ஆஹா என்று தலையாட்டினார். மேடம் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"உங்க கான்செப்டா, சாரோடதா?"

எஸ்தர் சாரைப் பார்த்தாள். சார் அவளைப் பார்த்தார்.

"சார் சொல்றாரே மேடம்" என்றாள்.

மேடம் கையிலிருந்த தாளில் ஒரு பேரை எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் கடிதாசு வந்தது. எஸ்தர் ஒருத்திக்குத்தான் வேலை. இன்டர்னல் மார்க்கும் முழுசாக விழுந்தது. சாருடைய கான்செப்ட் ஆயிற்றே, குறைத்துப் போட முடியுமா?

அந்த வாரமே காலேஜ் கேட்டுக்கு மேலே பேனர் ஏறிவிட்டது. நடுவில் சார், பெரிசாக, இடுப்புவரைக்கும். ஓரத்தில் எஸ்தர். எஸ்தர் என்று கீழே போட்டிருந்ததால் எஸ்தர்.

ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட அவளுடைய அம்மா செய்யூரிலிருந்து கூட வந்திருந்தாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை ஆய்கிற கை, நகமெல்லாம் மண். நான் கேட்டருகே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுல எம் பொண்ணு எங்கக்கா?" என்று அண்ணாந்து பார்த்தபடி என்னைக் கேட்டாள். அவள் பொண்ணு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் ஓரத்தைக் காட்டினேன். அம்மா பேனரைப் பார்த்தாள். திரும்பி எஸ்தரைப் பார்த்தாள். மறுபடி பேனரைப் பார்த்தாள். அந்தச் சாரைப் பற்றி ஒரு வார்த்தை நறுக்கென்று சொல்வாள் என்று நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"எம்மாங் கலரா ஆக்கிக்கீறாரு" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ரெண்டு வூட்லேர்ந்து வந்து பாத்துட்டு கலரு கம்மின்னு போய்ட்டாங்கக்கா. இந்தப் படம் ஒண்ணு கெடச்சா அடுத்த வூட்டுக்குக் காட்டலாம்."

"யம்மா, வா. பஸ்ஸு போயிடும்" என்றாள் எஸ்தர்.

சார் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். காதில் விழுந்திருக்கவேண்டும். முகம் நிஜமாகவே மலர்ந்தது. அந்த ஒரு தடவை பவுடருக்கு அடியிலிருந்து மலர்ந்ததைப் பார்த்தேன்.

"அதுக்கென்னம்மா, நம்பர் சொல்லுங்க, அனுப்பிடறேன்" என்று போனை எடுத்தவர், நிமிர்ந்து அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து தாடைவரைக்கும், நிதானமாக. "நீங்களும் பொண்ணு பக்கத்துல நில்லுங்க. அம்மாவும் பொண்ணுமா ஒண்ணு எடுத்து, டச்-அப் பண்ணித் தரேன்."

"வேணாம்மா" என்றாள் எஸ்தர்.

"இருடி" என்றாள் அம்மா. முந்தானையை இழுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். நெற்றியை ஒரு தரம், கன்னம் இரண்டையும் இரண்டு தரம், இன்னும் கொஞ்சம் போகுமா என்பதுபோல. துடைத்து முடித்து, மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, சாருக்கு நேராக நிமிர்ந்து நின்றாள்.